பதினான்கு நாள் ஒரே தட்டு

(அம்பத்தூரில் நாய் வளர்ப்போர் கூட்டமொன்றில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கொரட்டூர், பாடி, திருமுல்லைவாயில், ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி என்று பல பக்கமிருந்தும் ஞாயிற்றுக்கிழமைக் காலையை ஒதுக்கி வந்திருக்கிறீர்கள். உள்ளே நுழையும்போதே வாசலில் நான்கைந்து பேர் ஏறக்குறைய ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். "டாக்டர், இவனுக்கு மூணு மாசமா லூஸ் மோஷன். மாத்திரை குடுத்தா நிக்குது, நிறுத்தினா மறுபடி ஆரம்பிச்சுடுது." நான் இன்று பேசப்போவது முழுக்க இதைப் பற்றித்தான்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாந்தியோ பேதியோ மூன்று வாரத்தைத் தாண்டினால் அதை நாள்பட்ட குடல் நோய் என்று எடுத்துக்கொள்கிறோம். விட்டு விட்டு வந்தாலும் அந்தக் கணக்கில்தான் சேரும். குடற்புழுவும் வேறு பெரிய நோய்களும் இல்லை என்று பார்த்து முடித்த பிறகு, அந்த நாய்க்கு முதலில் தரவேண்டிய சிகிச்சை உணவு மாற்றம். ஆன்டிபயாடிக் அதற்குப் பிறகு. ஸ்டீராய்டு அதற்கும் பிறகு.

ஐரோப்பாவில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வில் நாள்பட்ட குடல் நோயுள்ள 70 நாய்களை எடுத்துக்கொண்டார்கள். உணவை மட்டும் மாற்றியதிலேயே 39 நாய்கள் தேறிவிட்டன, அதுவும் பத்து நாளைக்குள். பாதிக்கும் மேல்! இப்படித் தேறும் நாய்கள் பெரும்பாலும் இளம் வயது, பெருங்குடல் தொல்லை உள்ளவை என்பதும் தெரிந்திருக்கிறது. என்னிடம் வரும் நாய்களிலும் அதையேதான் பார்க்கிறேன். ஆனால் நம் வீடுகளில் இந்த வைத்தியம் ஒழுங்காக நடந்து முடிவது அபூர்வம். ஐந்தாம் நாள், ஆறாம் நாள் வீட்டில் யாரோ ஒருவர் இரக்கப்பட்டு எதையோ கொடுத்துவிடுகிறார். உணவு மாற்றம் பலிக்கவில்லை என்று முடிவுகட்டி, அடுத்த மாத்திரைக்குப் போய்விடுகிறோம். அதனால் என்ன சமைப்பது என்பதைவிட, அந்த வைத்தியத்தை இடையில் உடையாமல் எப்படிக் காப்பது என்பதைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசுவேன்.

அதற்கு முன், மலத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். அருவருப்பு வேண்டாம். பாதி நோய் அங்கேயே எழுதியிருக்கிறது. நாளைக்கு இரண்டு மூன்று முறைதான் போகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் நிறையப் போகிறது, நாய் இளைத்துக்கொண்டே வருகிறது என்றால் கோளாறு சிறுகுடலில். கொஞ்சம் கொஞ்சமாக ஆறேழு தடவை, முக்கி முக்கி, சளி படர்ந்து, கடைசியில் இரண்டு சொட்டு சிவப்பு ரத்தத்தோடு போகிறது, உடம்பு மட்டும் இளைக்கவில்லை என்றால் பெருங்குடல். தார் போலக் கருப்பாகப் போனால் மேல்குடலில் ரத்தம் கசிகிறது என்று பொருள்; அன்றே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்தால் எனக்குப் பத்து நிமிட விசாரணை மிச்சம்.

பரிசோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். முதலில் மலப் பரிசோதனை. கொக்கிப்புழு, உருண்டைப்புழு, சாட்டைப்புழு இவை நம் ஊரில் சர்வ சாதாரணம். ஜியார்டியா என்ற ஒற்றைச் செல் கிருமி தினமும் மலத்தில் வெளிப்படாது. அதனால் வேறு வேறு நாள் எடுத்த மூன்று மாதிரிகள் தேவைப்படலாம். மழைக்காலத்துக்குப் பிறகு இதைத் தேடாமல் விடக்கூடாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நம் தெருக்களில் எத்தனை நாள் சாக்கடை கலந்த தண்ணீர் நின்றது என்பது உங்களுக்கே தெரியும். நாய் அதில்தான் நடந்தது, அந்தக் காலைத்தான் நக்கியது. அடுத்து ரத்தப் பரிசோதனை. அதில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்திருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். குறைந்திருந்தால் குடல் வழியாகப் புரதம் ஒழுகுகிறது. அது வீட்டு வைத்தியத்துக்கு விட்டுவைக்கும் நோய் இல்லை. அட்ரீனல் சுரப்பிக் குறைபாடும் வெறும் வாந்தி பேதி போல வேஷம் போட்டுக்கொண்டு வரும்.

இன்னொரு கேள்வியும் கேட்பேன்: குட்டியில் பார்வோ வந்து பிழைத்த நாயா? 1970-களின் இறுதியில் உலகமெங்கும் பரவிய இந்த வைரஸ், 1980-களின் தொடக்கத்திலேயே சென்னையில் கண்டறியப்பட்டுவிட்டது. தடுப்பூசி இருந்தும் இன்றுவரை நம் பகுதியில் குட்டிகளைக் கொன்றுகொண்டிருக்கிறது. பிழைத்த குட்டியைப் பார்த்து நாம் நிம்மதியாகிவிடுகிறோம். ஜெர்மனியில் 2018-இல் வெளிவந்த ஆய்வொன்று பார்வோவில் பிழைத்த நாய்களில் 42 சதவீதத்துக்குப் பிற்காலத்தில் நாள்பட்ட வயிற்றுக் கோளாறு இருந்ததாகச் சொல்கிறது. பார்வோ வராத நாய்களில் அது 12 சதவீதம்தான். தெருவிலிருந்து எடுத்து, ட்ரிப்ஸ் ஏற்றிக் காப்பாற்றி வளர்க்கும் நம் நாட்டு நாய்கள் பலவற்றின் கதை இது. அவற்றின் குடல் வாழ்நாள் முழுதும் கொஞ்சம் பலவீனமானது என்று வைத்துக்கொண்டே உணவைத் திட்டமிட வேண்டும்.

சரி, நம் நாய்கள் என்ன சாப்பிடுகின்றன?

ஒரு வகை வீட்டில் ரேஷன் அரிசியும் கோழிக்கடைக் கழிவும். "நாய்க்கு" என்று கேட்டால் கடைக்காரர் தனியாக எடுத்து வைத்திருக்கும் கால், தலை, தோல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தருவார். மஞ்சள் தூள் போட்டு ஒரே குக்கரில் ஏழெட்டு விசில். வாசனை பிரமாதம், நாய் தட்டையே நக்கி முடித்துவிடும். ஆனால் அந்தத் தட்டில் பெரும்பங்கு கொழுப்பும் தோலும் எலும்பும்தான். தசை இறைச்சி மிகக் கொஞ்சம். நல்ல வயிறு தாங்கிக்கொள்ளும். கெட்டுப்போன வயிறு தாங்காது. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்துவதும், ஒரேயடியாக மலம் இறுகுவதும், மறுநாள் பேதியாவதும் இந்தத் தட்டிலிருந்துதான் வருகின்றன.

இன்னொரு வகை வீட்டில் தயிர்சாதம். சைவக் குடும்பங்கள் நம் பகுதியில் நிறைய. அவர்கள் நாயும் சைவம். காலையில் பால், மதியம் தயிர்சாதம், ராத்திரி பால்சாதம். மூன்றாவது வகையில் பாக்கெட் உணவு. எந்த கம்பெனியாக இருந்தாலும் நம்மவர்களுக்கு அது 'பெடிகிரி'தான். அதன் மேல் கொஞ்சம் பால், சாயங்காலம் டீயோடு நாலு பிஸ்கட், ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் மிஞ்சியது.

இங்கே இரண்டு நம்பிக்கைகளைத் திருத்த வேண்டியிருக்கிறது. முதலாவது, நாய்க்குச் சோறே ஆகாது என்பது. இணையத்தில் படித்துவிட்டு வந்து பலர் வாதம் செய்கிறார்கள். 2013-இல் 'நேச்சர்' இதழில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகள் மட்டுமே இருக்க, நாய்களிடம் நான்கிலிருந்து முப்பது வரை இருந்தன. மனிதனோடு சேர்ந்து தானியம் தின்று பழகிய பல்லாயிரம் வருடம் நாயின் உடம்பில் பதிந்துவிட்டது. தென்மாவட்டங்களில் சிப்பிப்பாறை, கன்னி இன நாய்கள் கம்பங்கூழும் கேப்பைக்கூழும் குடித்துத்தான் முயல் விரட்டின. சோறு குற்றவாளி இல்லை. ஒன்று மட்டும் பாருங்கள்: நாயின் எச்சிலில் அமிலேஸ் கிடையாது, மாவுச்சத்துச் செரிமானம் முழுவதும் குடலில்தான். அதனால் வயிறு சரியில்லாத நாய்க்குச் சோறு குழைய வேகவேண்டும்.

இரண்டாவது, பால். அம்பத்தூரில் ஆவின் பால் பண்ணையே இருக்கிறது, வீட்டுக்கு வீடு பாக்கெட். நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6. ஆனால் நாயின் தொல்லை கொழுப்போடு நிற்பதில்லை. குட்டிப்பருவம் தாண்டியதும் பல நாய்களுக்குப் பால் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது. செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, தண்ணீரை இழுத்து, பேதியாகிறது. தயிரில் லாக்டோஸ் குறைவு, ஆகவே சாதாரண நாட்களில் தயிர்சாதம் நல்ல உணவுதான். ஆனால் பால் புரதமே ஒவ்வாத நாயும் உண்டு. அதற்குப் பாலும் தயிரும் மோரும் பனீரும் ஒன்றே. வயிறு கெட்டால் உடனே தயிர்சாதம் என்று நாம் ஓடுகிறோமே, அந்தத் தயிரே காரணமாக இருக்கலாம் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

நாய்களில் உணவு ஒவ்வாமையைத் தோல் நோய் வழியாக ஆராய்ந்தவர்கள் அதிகம். 2016-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில் முதலிடத்தில் இருந்தவை மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை. இதை நம் தட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: கோழி, பால், பிஸ்கட், சப்பாத்தி. அவை தாமே கெட்ட உணவு என்பதற்காக அங்கே இடம்பிடிக்கவில்லை. நாய் அவற்றைத் தினம் தினம், வருடக்கணக்காகச் சாப்பிட்டிருக்கிறது. பழகாத ஒன்றுக்கு உடம்பு பகை கொள்வதில்லை.

இதிலிருந்துதான் பதினான்கு நாள் வைத்தியத்தின் விதி பிறக்கிறது. இந்த நாய் இதுவரை தின்றே இராத ஒரு புரதம், ஒரே ஒரு மாவுச்சத்து, தண்ணீர். வேறு எதுவும் கிடையாது. தோல் அரிப்புக்கு என்றால் எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். குடலுக்கு இரண்டு வாரத்தில் பதில் தெரிந்துவிடும்.

எந்தப் புரதம்? கோழி தின்று வளர்ந்த நாய்க்கு மீன். சூரை மீன் நல்ல தேர்வு: விலை குறைவு, முள்ளை எடுப்பது சுலபம், கொழுப்பும் கம்மி. மத்தி சத்தானதுதான், ஆனால் எண்ணெய் அதிகம். இந்தப் பதினான்கு நாளில் வேண்டாம். மீன் புதிதாக இருக்கவேண்டும் என்பதில் கறாராக இருங்கள். காசிமேட்டிலிருந்து வரும் வண்டி நம் பக்கம் சேர நேரமாகிவிடும். வெயில் காலத்தில் ஐஸ் இல்லாமல் கிடந்த சூரையை வாங்காதீர்கள். காடை, வாத்து இரண்டும் கோழிக்கு நெருங்கிய சொந்தம். கோழி ஆகாத நாய்க்கு அவையும் ஆகாமல் போகலாம். மீனே தின்று வளர்ந்த நாய் என்றால் முயலோ ஆட்டிறைச்சியில் கொழுப்பில்லாத பகுதியோ பார்க்கலாம். சைவ வீட்டில் முட்டைக்கு அனுமதி உண்டென்றால், முட்டை இதுவரை தராத நாய்க்கு முட்டை. அதுவும் இல்லையென்றால் மீல் மேக்கரை ஊறவைத்து, வேகவைத்து, நன்றாகப் பிழிந்து உருளைக்கிழங்கோடு பிசைந்து தரலாம். பனீர் கூடாது, காரணம் சொல்லிவிட்டேன்.

அளவு கேட்பீர்கள். 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளைக்குச் சுமார் 600 கிலோகலோரி வேண்டும். குழைய வெந்த சோறு 300 கிராம், முள் எடுத்த வெந்த மீன் 150 முதல் 180 கிராம் வரை. இதை மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். ஒரே வேளையில் கொட்டினால் நோயுள்ள குடல் திணறும். பழைய உணவிலிருந்து மூன்று நான்கு நாளில் படிப்படியாக மாறுங்கள். பதினான்கு நாள் கணக்கு முழுதாக மாறிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. உப்பு, மஞ்சள், நெய், பூண்டு எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களையே சிதைப்பவை; என்றைக்குமே வேண்டாம். பாயசத்துத் திராட்சையும் அப்படித்தான், அது சிறுநீரகத்தைத் தாக்கும்.

இப்போது பட்டாபிராமில் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே இரண்டு நாய்கள்: ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு, ஒரு ஸ்பிட்ஸ். ஸ்பிட்ஸைத்தான் நம் ஊரில் பொமரேனியன் என்கிறோம். ஸ்பிட்ஸுக்கு ஐந்து மாதமாகச் சளியும் ரத்தமுமாகப் போய்க்கொண்டிருந்தது. சூரை மீனும் சோறும் எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா வந்தார். முன்னேற்றம் கொஞ்சமும் இல்லை. "நீங்க சொன்னதத் தவிர ஒண்ணுமே குடுக்கல டாக்டர்" என்று சத்தியம் செய்தார். நான் அவரைச் சந்தேகிக்கவில்லை. மாத்திரை எழுதப் போகும் முன், சமைப்பதை முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். அரிசி கழுவுவதிலிருந்து ஆரம்பித்தார். சோறு வடித்து, மீனை வேகவைத்து, முள் எடுத்து, பிசைந்து... "அப்புறம் பெரியவனுக்குக் கோழி வேகவெச்ச தண்ணி இருக்கும்ல, அதுல ஒரு கரண்டி மேல ஊத்துவேன். வாசனை இல்லன்னா இவன் மோந்து பாத்துட்டுப் போயிடுவான்."

அந்த ஒரு கரண்டிதான். கோழி இறைச்சி ஒரு துண்டுகூடத் தட்டில் விழவில்லை. ஆனால் வெந்த தண்ணீரில் கோழிப் புரதம் கரைந்து இருந்தது. கோழித் தண்ணீரை நிறுத்திவிட்டு மீன் வெந்த தண்ணீரையே ஊற்றச் சொன்னேன். அடுத்த வாரத்துக்குள் மலம் கட்டியாகிவிட்டது. அந்த அம்மா செய்ததில் ஒரு தவறும் இல்லை. பசித்த பிள்ளை சாப்பிட வேண்டும் என்றுதானே ஊற்றினார். என்னென்ன ஊற்றக் கூடாது என்பதை மருத்துவர்களாகிய நாங்கள் இவ்வளவு விவரமாகச் சொல்லவேண்டும்.

இதுபோல உடையும் இடங்கள் இன்னும் பல. இறைச்சி வாசனை சேர்த்த பூச்சி மருந்து, உண்ணிக்குத் தரும் மென்று தின்னும் மாத்திரை, மாட்டுத்தோலில் செய்த மெல்லும் குச்சி. வாட்ச்மேன் நீட்டும் பிஸ்கட். தெரு நாய்களுக்காகப் பக்கத்து வீட்டு கேட்டில் வைத்திருக்கும் சோற்றுக் கிண்ணம். அம்பத்தூர் எஸ்டேட் ரோட்டில் வாக்கிங் கூட்டிப் போனால் டீக்கடை வாசலில் விழுந்து கிடக்கும் வடைத் துண்டு. அந்தப் பதினான்கு நாளும் பெல்ட் போட்டு, கையில் விடாமல் பிடித்துக்கொண்டு கூட்டிப் போங்கள். பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி அதில் அவன் என்ன சாப்பிடலாம் என்று எழுதிவையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் தடை போடாதீர்கள். வேளா வேளைக்கு நாய்க்குத் தட்டு வைக்கும் பொறுப்பையே அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். கொடுக்க ஆசைப்படும் கை, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

தேறிவிட்டால் அடுத்து என்ன? நாய் நன்றாக இருக்கும்போது பழைய உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் விட்டு. எதைச் சேர்க்கும்போது பேதி திரும்புகிறதோ அதை நிறுத்திவிடலாம். பல நாய்கள் சில மாதம் குடல் ஆறிய பிறகு பழைய உணவையும் தாங்கிக்கொள்கின்றன. தேறவில்லையென்றால் மனம் தளராதீர்கள். ஒரு உணவு பலிக்கவில்லை என்பதால் உணவு வைத்தியமே பலிக்காது என்று அர்த்தமில்லை. இரண்டாவதாக ஹைட்ரோலைஸ்டு உணவு என்ற பாக்கெட்டைப் பார்க்கலாம். புரதத்தை மிகச் சிறிய துண்டுகளாக வெட்டியிருப்பார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கு அது கோழி என்றோ சோயா என்றோ அடையாளம் தெரியாது. விலை அதிகம்தான். ஆனால் மாதக்கணக்கில் மாத்திரையும் ஊசியும் வாங்குகிற செலவைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு வாரப் பாக்கெட் பெரிய தொகை ஆகாது.

பெருங்குடல் தொல்லை மட்டும் உள்ள நாய்க்கு நார்ச்சத்து மிக நல்ல மருந்து. மருந்துக்கடையில் கிடைக்கும் இசப்கோலில் சர்க்கரை, ஆரஞ்சு வாசனை எதுவும் சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். சின்ன நாய்க்கு அரை டீஸ்பூனில் தொடங்குங்கள். பெரிய நாய்க்கு ஒரு டேபிள்ஸ்பூன் வரை போகலாம். தண்ணீரில் ஊறவைத்துச் சோற்றோடு கலக்க வேண்டும். உலர்ந்த தூளாகப் போடாதீர்கள். வெந்த பரங்கிக்காயும் இதே வேலையை மெதுவாகச் செய்யும்.

கொழுப்பு ஆகாத நாய்கள் தனி வகை. கணைய அழற்சி வந்து மீண்டவை, குடலில் நிணநீர் ஒழுகிப் புரதம் குறைந்தவை. இவற்றுக்கு வாழ்நாள் முழுவதும் தோல் நீக்கிய கோழி நெஞ்சு, முட்டை வெள்ளைக்கரு, சோறு, உருளைக்கிழங்கு என்று போகவேண்டியிருக்கும். தீபாவளிக்கு மறுநாள் என் கிளினிக்கில் கூட்டம் ஏன் தெரியுமா? முதல் நாள் ஆட்டுக் கொழுப்பும் பலகாரமும். முன்னங்காலைத் தரையில் நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கி, கும்பிடுகிற மாதிரி நாய் நின்றால் வயிறு கடுமையாக வலிக்கிறது. அடுத்த நாள் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

ஜெர்மன் ஷெப்பர்டு வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். நாய் அகோரப் பசியில் தின்கிறது, ஆனாலும் எலும்பும் தோலுமாகிறது. மலம் மாட்டுச் சாணம் போல வெளிறி, குவியலாக, எண்ணெய்ப் பசையோடு போகிறது. தன் மலத்தையே தின்னப் பார்க்கிறது. அப்படியென்றால் கணையம் நொதி சுரக்கவில்லை. பரம்பரையாக வரும் நோய் இது, இந்த இனத்தில் அதிகம். டி.எல்.ஐ. என்ற ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு வேளை சோற்றிலும் கணைய நொதித் தூளைக் கலந்து கொடுத்து, பி12 ஊசியும் போட்டால் நாய் மறுபடி சதை பிடிக்கும். ஆயுள் முழுவதும் கொடுக்கவேண்டிய மருந்து. நிறுத்தினால் பழைய நிலைதான். இந்த நோயை இரண்டு வருடம் வெறும் பூச்சித் தொல்லை என்று நினைத்துப் பூச்சி மருந்தே கொடுத்துக்கொண்டிருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மனம் கஷ்டமாக இருக்கும்.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. மெட்ரோனிடசோல் இல்லாத நாய் வீடு நம் பகுதியில் இல்லை என்றே சொல்லலாம். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைத்துவிடுகிறது. பேதி உடனே நிற்கிறது என்பதும் உண்மை. ஆனால் ஆரோக்கியமான நாய்களுக்கே இரண்டு வாரம் இதைக் கொடுத்துப் பார்த்ததில், நிறுத்தி நான்கு வாரம் ஆன பிறகும் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் முழுதாகத் திரும்பவில்லை என்று 2020-இல் வந்த ஆய்வு காட்டியது. பித்தநீரைப் பக்குவப்படுத்திக் குடலைக் காக்கும் நுண்ணுயிர்கள் அழிகின்றன. அடுத்த பேதிக்கு நாமே வழிசெய்து வைக்கிறோம். ஒவ்வொரு பேதிக்கும் ஒரு ஸ்ட்ரிப் என்ற வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

வீட்டுச் சமையலையே நிரந்தரமாகத் தொடரப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பதினான்கு நாளுக்கு மீனும் சோறும் போதும். பதினான்கு மாதத்துக்குப் போதாது. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். 95 சதவீதக் குறிப்புகளில் குறைந்தது ஒரு சத்தாவது தேவைக்குக் கீழே இருந்தது. நம் தட்டில் முதலில் குறைவது கால்சியம். சோற்றிலும் இறைச்சியிலும் அது ஏறக்குறைய இல்லை. முட்டை ஓட்டை வேகவைத்து, காயவைத்து, மிக்சியில் மாவாக அரைத்துக்கொள்ளுங்கள். ஒரு டீஸ்பூனில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கும். 10 கிலோ நாய்க்கு நாளைக்குக் கால் டீஸ்பூனிலிருந்து அரை டீஸ்பூன் வரை போதும். முட்டையே ஆகாத நாய்க்கு மட்டும் இதைத் தவிர்த்து கால்சியம் மாத்திரை. துத்தநாகம், தாமிரம், அயோடின், வைட்டமின் டி, ஈ இவற்றுக்கு நாய்களுக்கான சத்துப் பொடி தேவை. மனிதர்களுக்கான மாத்திரையை உடைத்துப் போடாதீர்கள். குட்டிகளுக்கு இந்த வீட்டுச் சமையலை மருத்துவர் கணக்குப் போட்டுத் தராமல் ஆரம்பிக்கவே கூடாது. பாலும் சோறும் மட்டும் தின்று கால் வளைந்து, நடக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வரப்படும் குட்டிகளை இன்னமும் மாதந்தோறும் பார்க்கிறேன்.

இரண்டு மூன்று உணவு மாற்றியும் கேட்கவில்லை, எடை குறைகிறது, ஆல்புமின் இறங்குகிறது என்றால் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்து, சின்னதாகச் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். அதற்கு 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டியிருக்கும், காலையிலேயே கிளம்பிவிடுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் பழைய சீட்டுகளையும் ரிப்போர்ட்டுகளையும் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். முன்பு எந்த மாத்திரை எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்பது அவருக்குத் தெரியவேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டு எடுத்து, அடுத்த ஏழு நாள் உங்கள் நாயின் வாய்க்குள் போகும் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். சோறு, பால், பிஸ்கட், மாத்திரை, மேலே ஊற்றிய தண்ணீர், பிள்ளைகள் கையிலிருந்து விழுந்த முறுக்கு, எல்லாமே. யார் கொடுத்தது என்று எழுத வேண்டாம்; என்ன கொடுத்தது என்பது போதும், அப்போதுதான் எல்லோரும் உண்மையைச் சொல்வார்கள். பக்கத்திலேயே அன்றைய மலம் எப்படி இருந்தது என்று ஒரு வரி. எட்டாம் நாள் காலை அந்த நோட்டையும், புதிதாகப் போன மலத்தை ஒரு சின்ன டப்பாவிலும் எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள். மாத்திரை எழுதும் முன் அந்த நோட்டைப் படிக்கச் சொல்லுங்கள்.